எல்லாருக்கும் காஸ்ட்ரிக்

தொழிற்சாலைக் கிளினிக்குகளில் புதிதாக நர்ஸ் வேலைக்குச் சேர்ந்திருக்கும் மிஸ்ஸிகளே,

"அனுபவத்தை எழுதுங்க அக்கா" என்று உங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி கேட்க, மற்ற எல்லாரும் கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டீர்கள். தப்பிக்க வழியில்லை. கெடா மாநிலத்தில், குருண் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் மிஸ்ஸியாக இருந்தேன். இயந்திரத்தில் விரல் மாட்டியது, அமிலம் தெறித்தது என்று கதைகளை எதிர்பார்த்திருப்பீர்கள். அதிலெல்லாம் நான் நன்றாகத்தான் நடந்துகொண்டேன். ரத்தம் கொட்டினால் எந்த மிஸ்ஸியும் நன்றாகத்தான் நடந்துகொள்வாள். என்ன செய்ய வேண்டும் என்று சுவரிலேயே படம் போட்டு ஒட்டியிருக்கும். நான் கோட்டை விட்டது ஒரு தலைவலியில். அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் காஸ்ட்ரிக் என்கிற இரைப்பைக் கோளாறைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் காஸ்ட்ரிக் இல்லாத ஆளைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். காலையில் பசியாறாவிட்டால் காஸ்ட்ரிக், பசியாறியது அதிகமானால் காஸ்ட்ரிக், மாமியார் வந்து ஒரு வாரம் தங்கினால் அதுவும் காஸ்ட்ரிக். என் கிளினிக்கில் அந்த வார்த்தைக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பும் சிட்டில் உண்மையை அப்படியே எழுதினேன்: மாதவிடாய் வலி. அந்தச் சிட்டை வாங்கிய சூப்பர்வைசர், எல்லாரும் வேலை பார்க்கும் இடத்தில் நின்று அதை உரக்க வாசித்துவிட்டு, "இது ஒட்டுற சீக்கா?" என்று கேட்டார். உற்பத்தி லைன் முழுக்கச் சிரித்தது. அந்தப் பெண் மறுநாள் வரவில்லை, அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

அன்றிலிருந்து எந்தப் பெண்ணுக்கு மாதாந்திரத் தொல்லை வந்தாலும் சிட்டில் காஸ்ட்ரிக் என்றுதான் எழுதினேன். வயிற்றுவலிக்கு காஸ்ட்ரிக், இடுப்புவலிக்கு காஸ்ட்ரிக், மயக்கத்துக்கு காஸ்ட்ரிக். என் பதிவேடுகளை மட்டும் படித்தவர்கள், அந்தத் தொழிற்சாலைப் பெண்களுக்கு இரைப்பையைத் தவிர வேறு உறுப்பே கிடையாது என்று முடிவு கட்டியிருப்பார்கள். நான் அவர்கள் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இனி கோகிலாவுக்கு வருகிறேன். பக்கத்துத் தோட்டக் குடியிருப்பிலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் வருவாள். முப்பத்து நாலு வயது, இரண்டு பிள்ளைகள், பதினோரு வருட சர்வீஸ். கையுறையில் காற்றை ஊதி, பளீரென்ற விளக்குக்கு நேரே பிடித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் பிரிவில் வேலை. அவள் கண்ணுக்குத் தப்பிய ஓட்டை கிடையாது. லைன் லீடர் பதவி அடுத்து அவளுக்குத்தான் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாறு வருடங்களுக்கு முன்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், முதல் முறையாக என் கிளினிக்குக்கு வந்தாள். ஒரு கண்ணைக் கையால் மூடியிருந்தாள்.

"மிஸ்ஸி, தல வலி. ஒரு பக்கமா இடிக்குது. அந்த வெளக்கப் பாத்தா வாந்தி வருது."

"எத்தன நாளா?"

"மாசமாசம் வர்றதுதான் மிஸ்ஸி. அது வர்றதுக்கு முன்னால வரும்."

பாருங்கள், நோயாளி நோயைச் சொல்லிவிட்டாள். ஒரு டாக்டர் பத்து நிமிடம் துருவிக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதை அவளே தட்டில் வைத்து நீட்டினாள். நான் என்ன செய்தேன்? தலைவலி என்று எழுதினால் "தலவலிக்கெல்லாம் வீடா?" என்று சூப்பர்வைசர் சிட்டைத் திருப்பி அனுப்புவார். "அது" என்று எழுத முடியாது. பேனா தானாகவே காஸ்ட்ரிக் என்று எழுதிவிட்டது.

சிட்டில் ஒன்றும் நோயாளி அட்டையில் வேறொன்றும் இருந்தால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம். ஆகவே அட்டையிலும் காஸ்ட்ரிக். நான் ஒழுங்கானவள், பொய்யைக்கூட ஒழுங்காகத்தான் செய்வேன். காஸ்ட்ரிக் உள்ளவர்களுக்குச் சில வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எனவே அட்டையின் மேலே சிவப்பு மையில் எழுதினேன்: காஸ்ட்ரிக், வலி மாத்திரை கொடுக்கக் கூடாது. கீழே கோடும் போட்டேன்.

கம்பெனி ஏற்பாடு செய்திருந்த பேனல் கிளினிக் டாக்டர் என் கடிதத்தைப் பார்த்து எம்சியில், அதாவது மருத்துவ விடுப்புச் சான்றில், காஸ்ட்ரிக் என்று எழுதி, பாரசிட்டமாலும் வயிற்றுக்கு வெள்ளை மருந்தும் கொடுத்து அனுப்பினார். அவருக்கு வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். கோகிலா அந்த வெள்ளை மருந்தை மாதாமாதம் குடித்தாள். தலை மாதாமாதம் இடித்தது. எனக்கு ஓய்வு நாள் என்றால் வேறு மிஸ்ஸி வருவாள். அவளும் சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு, வலுவான வலி மாத்திரையை எடுத்த கையைப் பின்னால் இழுத்துக்கொள்வாள். இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. இரண்டு வருடம் கழித்து அந்த அட்டையைப் படித்த நானே அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன். "உனக்குத்தான் காஸ்ட்ரிக் இருக்கே கோகிலா, அந்த மாத்திரையெல்லாம் ஒத்துக்காது" என்று என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன்.

பிறகு எங்கள் தொழிற்சாலைக்குப் புது கம்ப்யூட்டர் சிஸ்டம் வந்தது. ஒரே காரணத்துக்கு மூன்று தடவைக்கு மேல் எம்சி எடுத்தால் அது சிவப்பு விளக்கு காட்டும். மனித வளப் பிரிவில் தியாகு என்று ஒரு தம்பி இருந்தார். அலோர் ஸ்டார்காரர், நல்ல படிப்பு, வண்ண வண்ணமாகச் சார்ட் போடுவதில் கெட்டிக்காரர். அவர் கண்ணில் கோகிலா பட்டுவிடக் கூடாதே என்று நான் சாமர்த்தியமாக நோய்களை மாற்றி மாற்றி எழுதினேன். ஒரு மாதம் காஸ்ட்ரிக், அடுத்த மாதம் காய்ச்சல், அதற்கடுத்து கண் வலி, அப்புறம் கெட்டுப்போன சாப்பாடு. பேனல் டாக்டர் எல்லாவற்றையும் நன்றியோடு காப்பி அடித்தார்.

இதற்கிடையே கோகிலாவுக்கு வைத்தியம் சொல்லாத ஆள் லைனில் கிடையாது. மலாய்க்காரத் தோழிகள் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது என்று நெற்றி முழுக்க மினியாக் அங்கின் தேய்த்தார்கள். அந்தத் தைல வாசனையே அவளுக்கு இன்னொரு முறை வாந்தியைக் கொண்டுவந்தது. பக்கத்து வீட்டு அக்கா கண்ணேறு என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். கூட வேலை செய்யும் ஒருத்தி, தான் விற்கும் ஊதா நிறப் பவுடரை மூன்று மாதம் குடிக்கச் சொன்னாள். சூப்பர்வைசரின் வைத்தியம், தண்ணி குடி. இத்தனை பேரிலும் யாராவது கெடுதல் செய்தார்களா என்றால், நான் ஒருத்திதான். அவர்கள் பொருளைத் துடைத்துவிடலாம், தூக்கிப் போட்டுவிடலாம். என்னுடையது அட்டையில் ஏறியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கோகிலா விளக்குக்கு நேரே நின்றபடியே, சோதித்து முடித்த நல்ல கையுறைகள் இருந்த தொட்டியில் வாந்தி எடுத்தாள். அன்று ஏற்றுமதிக்குப் போக வேண்டிய சரக்கு. லைன் நின்றது. கெடாவில் வெள்ளிக்கிழமை விடுமுறை. பேனல் கிளினிக் மூடிக் கிடந்தது. கம்பெனி வேனில் அவளை ஏற்றி, அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். வழி முழுக்க அவள் என் ஏப்ரனை முகத்தில் போட்டு வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு கிடந்தாள்.

அங்கே இருந்தது ஒரு மலாய்க்காரப் பெண் டாக்டர். என் மகள் வயதுதான் இருக்கும். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. என் வேலையில் எனக்கு வாத்தியார் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் அந்தப் பெண்ணைத்தான் சொல்வேன். விளக்கை அணைக்கச் சொன்னார். நான் நீட்டிய கடிதத்தைப் படித்தார்.

"காஸ்ட்ரிக்கா? வயித்துக்குள்ள ஸ்கோப் விட்டுப் பாத்தாங்களா, காக்?" என்று என்னை அக்கா முறை வைத்து மலாயில் கேட்டார்.

"இல்லை."

"அப்போ யார் சொன்னது காஸ்ட்ரிக்னு?"

நான் பதில் சொல்வதற்குள் கோகிலா, "மிஸ்ஸிதான் எழுதினாங்க" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

டாக்டர் அதோடு என்னை விட்டுவிட்டு அவளிடம் பேச ஆரம்பித்தார். எந்தப் பக்கம் வலிக்கிறது, வலிக்கு முன்னால் கண்ணில் மின்னல் மாதிரி கோடு தெரியுமா, எந்தெந்தத் தேதியில் வருகிறது. மின்னலைப் பற்றி ஏன் கேட்டார் என்று பிறகு விளக்கினார்: அது தெரிகிறவர்களுக்குக் கர்ப்பத்தடை மாத்திரைகளில் சில வகை ஆபத்து, மூளை ரத்தக்குழாயில் அடைப்பு வர வாய்ப்பு கூடும். கோகிலாவுக்கு மின்னல் இல்லை. தேதிக்கு மட்டும் பதில் இல்லை.

"தல வலிச்ச தேதியெல்லாம் எழுதி வைக்கல டாக்டர். மத்த தேதி வேணும்னா இருக்கு."

வீட்டுக்காரரிடம் சொல்லிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். அடுப்படிச் சுவரில் மாட்டியிருந்த தமிழ்க் காலண்டர். மாதத்துக்கு ஒரு முறை, வரிசையாகச் சில நாட்களில் பென்சிலால் சின்னக் குறுக்குக் கோடு. அந்த நாட்களில் அவள் சாமி விளக்கு ஏற்ற மாட்டாள். கோட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் ஏற்றுவார். வாய் திறந்து சொல்லவே தேவையில்லாத ஏற்பாடு. எங்கள் வீட்டிலும் அதேதான், ஒரு காலத்தில்.

"இது பாதி. தலைவலித் தேதியும் கிடைத்தால் முழுசாகத் தெரியும்" என்றார் டாக்டர். அன்றைய வலிக்கு ஊசி போட்டார். அடுத்த மாதம் சாப்பாட்டுக்குப் பிறகு போட ஒரு மாத்திரையைச் சந்தேகத்தோடு எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் தேதி குறித்துக்கொண்டு திரும்ப வரச் சொன்னார்.

மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த வாரமே காரணம் கேட்டுக் கம்பெனியிலிருந்து கோகிலாவுக்குக் கடிதம் வந்தது. பொய்யான காரணங்களைக் காட்டித் தொடர்ந்து எம்சி எடுத்ததாகக் குற்றச்சாட்டு. விசாரணையில் நிரூபணமானால் வேலை போகும். தியாகு என் கிளினிக்குக்கு ஒரு பெரிய தாளோடு வந்தார். இரண்டு வருடம், மாதவாரியாக, கோகிலா வராத நாளெல்லாம் சிவப்புக் கட்டம்.

"மிஸ்ஸி, இது சீக்கு இல்ல. பிளான் பண்ணி செய்றா. பாருங்க, கரெக்டா நாலு வாரத்துக்கு ஒரு தடவ. மொதல்ல பௌர்ணமி பூசைக்குப் போறான்னு நெனச்சேன். காலண்டரு வச்சி செக் பண்ணேன்."

"அப்புறம்?"

"நாலு மாசம் ஒத்துப் போச்சு. அப்புறம் தள்ளிக்கிட்டே போவுது. அமாவாசையும் இல்ல. இப்ப பாசார்ல கட போட்டு யாவாரம் பண்றாளோன்னு டவுட்டு."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கல்யாணம் ஆனவர், வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள். இருபத்தெட்டு நாளுக்கு ஒரு முறை ஒரு பெண்ணுக்கு என்ன வரும் என்பதைக் கண்டுபிடிக்க சந்திரன் வரைக்கும் போய்விட்டு வந்திருக்கிறார். ஆனால் நான் சிரிக்கத் தகுதியானவள் இல்லை. அந்த மனிதர் சொன்ன ஒரு விஷயம் சரி: எழுதியிருந்த காரணங்கள் பொய். எழுதியது நான். நான் வாயைத் திறக்காவிட்டால் அவள் வேலை போய்விடும்.

விசாரணை அன்று காலை கோகிலா கிளினிக்குக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"மிஸ்ஸி, என்னா வேணும்னாலும் சொல்லுங்க. அத மட்டும் சொல்லிடாதீங்க லா. உள்ள எல்லாம் ஆம்பளைங்க."

"சொல்லலன்னா வேல போயிடும், கோகிலா."

"தெரியும் மிஸ்ஸி."

தங்கைகளே, இந்த இடத்துக்குச் சுவரில் படம் ஒட்டியிருக்காது. உண்மையைச் சொன்னால் அவள் வேலை நிற்கும். ஆனால் அந்த உண்மை என்னுடையது இல்லை. இருபது வருடத்துக்கு மேல் எல்லாப் பெண்களுக்காகவும் நானே முடிவெடுத்து காஸ்ட்ரிக் என்று எழுதியவள், இப்போதும் அவளைக் கேட்காமல் முடிவெடுத்தால் திருந்தியதாக அர்த்தமில்லை. "நான் செஞ்சத நான் சொல்லிடுறேன். உன்னோடத சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்" என்றேன். அவள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். என் வேலையும் போய்விடுமோ என்று பயந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற ஒரு வருடம்தான் பாக்கி.

விசாரணை அறையில் ஏர்கான் குளிர். தலைமை தாங்கியவர் உற்பத்தி மேலாளர், ஒரு சீனர், பொறியியல் படித்தவர், அதிகம் பேசாதவர். தியாகு சார்ட்டைப் பலகையில் ஒட்டினார். மேலாளர் என் சிட்டுகளைக் காட்டி மலாயில் கேட்டார்.

"மிஸ்ஸி, இது உங்க எழுத்துதானே? மார்ச்சில் இவளுக்குச் சாப்பாடு ஒத்துக்கல. ஏப்ரலில் கண் வலி. உண்மையா?"

"எழுத்து என்னுடையது. உண்மை இல்லை. எல்லாவற்றையும் நான்தான் மாற்றி எழுதினேன். அவள் ஒவ்வொரு மாதமும் ஒரே ஒரு வியாதியைத்தான் சொன்னாள்."

தியாகு என்னை ஏதோ தன் வீட்டில் திருட வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"என்ன வியாதி?" என்றார் மேலாளர்.

"அதை அவள் சொல்லட்டும், சார்."

கோகிலா தலையைக் குனிந்தபடி இருந்தாள். பிறகு பையிலிருந்து காலண்டரை எடுத்தாள். படம் இல்லை, காலண்டரே. சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருந்தாள், போன வருடத்துடையதையும் சேர்த்து. மேசையில் வைத்தாள்.

"சார், இது எங்க வீட்டு காலண்டரு. கோடு போட்ட நாள்ல நான் சாமி வெளக்கு ஏத்த மாட்டேன். அதுக்கு ரெண்டு நாளு முன்னால தல வலி வரும்" என்று உடைந்த மலாயில் சொன்னாள்.

மேலாளருக்கு விளங்கவில்லை. "ஏன் விளக்கு ஏற்ற மாட்டாய்?"

கோகிலா நிமிர்ந்தாள். "தியாகு சாருக்குத் தெரியும். அவரு சொல்வாரு."

எல்லாரும் தியாகுவைப் பார்த்தோம். தமிழ் வீட்டில் பிறந்து வளர்ந்த எந்த ஆணுக்கும் அது தெரியாமல் இருக்காது. தம்பி தண்ணீர் போத்தலைத் திறந்து குடித்தார். மூடினார். மறுபடி திறந்தார். "இட்ஸ் எ... கல்ச்சர் திங், பாஸ்" என்றார். என்ன கல்ச்சர் என்றார் மேலாளர். "லேடிஸ்... மந்த்லி..." என்று ஆரம்பித்து, மிச்சத்தைத் தன் சட்டைப் பொத்தானிடம் சொல்லி முடித்தார். பௌர்ணமி வரைக்கும் போன மனிதருக்கு மேசைக்கு இந்தப் பக்கம் வர அவ்வளவு நேரம் பிடித்தது.

மேலாளர் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் காலண்டரைச் சார்ட்டுக்குப் பக்கத்தில் பிடித்தார். ஒவ்வொரு சிவப்புக் கட்டமாக விரல் வைத்துக்கொண்டு போனார். கட்டம், இரண்டு நாள் கழித்துக் கோடு. கட்டம், இரண்டு நாள் கழித்துக் கோடு. இரண்டு மாதம் ஒரு நாள் முன்னே பின்னே. கடைசிக் கட்டம்வரை பார்த்துவிட்டு, "தியாகு, யுவர் சார்ட் வெரி குட்" என்றார். உண்மையாகவே பாராட்டினார். அந்த டாக்டர் கேட்ட மறுபாதி அதுதான். கெடாவிலேயே அவ்வளவு சுத்தமான தலைவலிக் குறிப்பேடு வேறு யாரிடமும் இருந்திருக்காது, அதுவும் கலரில்.

கோகிலாவின் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, என் சர்வீஸில் முதலும் கடைசியும். நியாயமானதுதான், பத்திரமாக வைத்திருக்கிறேன். இனி உண்மையான காரணத்தை எழுத வசதியாக சிஸ்டத்தில் புதிதாக ஒரு பிரிவு சேர்க்க முடிவானது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று ஒரு குழு மூன்று தடவை கூடியது. "மாதாந்திர காஸ்ட்ரிக்" என்று ஒருவர் யோசனை சொன்னார். நான் மேசையைத் தட்டியதில், கடைசியில் "பிற" என்று வைத்தார்கள்.

கோகிலா சார்ட்டையும் காலண்டரையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். இந்த முறை சந்தேகம் இல்லாமல் எழுதிக் கொடுத்தார்: கோடு விழும் நாளுக்கு இரண்டு நாள் முன்னாலிருந்து, சாப்பிட்டுவிட்டு, சில நாள் மட்டும் அந்த வலி மாத்திரை. மீறி வந்தால் வந்த உடனே போட வேறொன்று. அளவுக்கு மேல் போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது, அந்த வாரம் விளக்குக்கு முன்னால் நிறுத்தக் கூடாது என்று கம்பெனிக்கு ஒரு கடிதமும் கொடுத்தார்.

மூன்றாவது மாதம் கோகிலா கிளினிக்குக்கு வந்தாள். வழக்கமாக அவள் படுத்துக்கிடக்கும் நாள் அது. நேராக நின்றாள், இரண்டு கண்ணும் திறந்திருந்தன.

"லேசா வந்துச்சு மிஸ்ஸி, போயிருச்சு. வேல செஞ்சிட்டுதான் வர்றேன்." மாத்திரை அட்டையைக் காட்டினாள். "இது இப்பதான் புதுசா வந்துச்சா மிஸ்ஸி?"

"இல்ல கோகிலா. பழைய மாத்திரதான்."

"பெரிய ஆஸ்பத்திரில மட்டும்தான் கெடைக்குமா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அவள் நம்பியிருப்பாள், இரண்டு பேருக்கும் நிம்மதி. இருபது வருடப் பழக்கம், வாய்வரைக்கும் வந்துவிட்டது. எழுந்து என் மருந்து அலமாரியைத் திறந்தேன். இரண்டாவது தட்டில் அதே பெயர் போட்ட பெட்டி, பாதி காலியாக இருந்தது. பல் வலி என்று வந்த ஃபோர்க்லிப்ட் டிரைவருக்கும், முதுகு பிடித்துக்கொண்ட ஸ்டோர்காரருக்கும் நான் அள்ளி அள்ளிக் கொடுத்த மாத்திரை.

கோகிலா தன் கையில் இருந்த மாத்திரை அட்டையையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இங்கதான் இருந்துச்சா?"

"இங்கதான்."

"நாலு வருசமும்?"

"நாலு வருசமும்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் மேசையில் இருந்த அவளுடைய நோயாளி அட்டையைத் தன் பக்கம் திருப்பி, மேலே இருந்த சிவப்பு எழுத்தை வாசித்தாள். பிறகு அதை என்னிடம் தள்ளினாள்.

"இத அடிச்சிடுங்க மிஸ்ஸி."

அதே சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"இன்னும் தெரியுது. நல்லா அழுத்தி அடிங்க."